குதிரைக்கு முன்னால ரெண்டு கட்டம்

பிள்ளைங்ககிட்ட இதச் சொன்னதில்ல. சொன்னா, "அதுக்கு நீ என்னம்மா பண்ணுவே, சின்னப் பிள்ளைதானே"ன்னு ஒரே வரியில என்னை மன்னிச்சிட்டு, போனை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம். அதனால உங்ககிட்ட சொல்லுதேன், என் வயசு ஆட்ககிட்ட. சின்னப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறது எவ்வளவு பெரிய பொய்னு நமக்குத் தெரியும். பன்னெண்டு வயசுல எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. எதச் சொன்னா அடி விழும், எதச் சொல்லாம இருந்தா தப்பிக்கலாம்னு ரொம்ப நல்லாவே தெரிஞ்சுது.

வருஷம் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதா அறுபதான்னு சரியா நினைவில்ல. எங்க வீடு தென்காசியில இருந்து மேலகரம் போற ரோட்டுல. அப்பா ஒரு ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். தெருவுக்கு அவர்தான் டாக்டர், டாக்டருக்கும் மேல. வீட்டுக்கு மேல ஒரு மச்சு உண்டு. வருஷம் முழுக்க அதுல நெல்லு மூட்டையும் எலியும் குடியிருக்கும், சாரல் விழுந்தா மட்டும் மனுஷங்க வாடகைக்கு வருவாங்க. மச்சு ஜன்னல்ல ஒரு பக்கம் பாத்தா மேகம் மூடின மலை, இன்னொரு பக்கம் தூரத்துல நம்ம தென்காசிக் கோயில் மொட்டைக் கோபுரம். அப்ப அது எரிஞ்சு பிளந்து நின்ன கோலம் உங்களுக்கும் கண்ணுல இருக்கும்.

குற்றாலத்துக்கு எல்லாரும் குளிக்க வருவாங்க. சிலரை மட்டும் குளிப்பாட்டக் கூட்டிட்டு வருவாங்க. புத்தி கலங்கினவங்களுக்கு உச்சந்தலையில நல்லெண்ணெய் வச்சு, ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், பெரிய அருவிக்கு அடியில நிறுத்தினா தெளிஞ்சிரும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சுல்லா. அலறுத ஆளைக் கயித்தோட இழுத்துட்டுப் போறதப் பாத்துக்கிட்டே நாம மிளகா பஜ்ஜி தின்னிருக்கோம்.

அந்த வருஷம் மச்சுக்கு வந்தது மூணு பேர். விருதுநகர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க, அவங்க தம்பி, அவங்க மகன். தம்பிக்காரர் போலீஸ்ல ஏட்டா இருந்து ஓய்வு பெத்தவரு, கையே உலக்கை கனம் இருக்கும். மகனுக்கு இருபத்திரெண்டு வயசு இருக்கலாம். நான் அவர மச்சு அண்ணன்னுதான் கூப்பிடுவேன். காலேஜுல கடைசிப் பரீட்சைக்குப் போனவரு, கேள்வித்தாளை மூணு மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு ஒரு எழுத்து எழுதாம எந்திரிச்சு வந்துட்டாராம். அன்னையிலருந்து பேச்சு இல்ல. சில நேரம் கண்ணு ஒரே இடத்துல குத்தி நிக்கும், சத்தமில்லாம உதடு மட்டும் அசையும்.

அந்த அம்மா வந்த அன்னிக்கே அப்பாகிட்ட ஆலோசனை கேட்டாங்க. அப்பாவுக்கு ஆலோசனை சொல்லுறதுன்னா வேட்டிய ஒரு தடவ இறுக்கிக் கட்டிக்குவாரு. கட்டிக்கிட்டுச் சொன்னாரு: கண்ணு இமைக்காம நின்னு, உதடு சத்தமில்லாம அசைஞ்சா அது, அந்தக் கலக்கம், வருதுன்னு அர்த்தம், காத்திருக்கக் கூடாது. ஏட்டு மாமா அதக் கேட்டு ஒரு கெடு வச்சாரு. இந்த நாப்பத்தெட்டு நாளுல ஒரு தடவகூட அது வரலன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, பேசி வச்சபடி தன் மகளையே கட்டிக் குடுத்திருவாராம். வந்துதுன்னா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி, தலையில கரண்ட் வைக்கிற இடம். அந்த அம்மா சேலை முந்தானைய வாயில வச்சுக்கிட்டுத் தலைய ஆட்டினாங்க. நான் அடுக்களை வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

சதுரங்கம் எங்க வீட்டுல எனக்கும் எங்க அண்ணனுக்கும் நடந்த சண்டை. அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரக் காய்கள், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை, அரக்கு பூசினது. ஈரக் கையில ரொம்ப நேரம் வச்சிருந்தா ஒரு வாசனை வரும். அண்ணன் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போனதும் எனக்கு எதிராளி இல்ல. படிக்கட்டுல உக்காந்து ரெண்டு பக்கமும் நானே ஆடுவேன், சிவப்புதான் எப்பவும் ஜெயிக்கும், ஏன்னா நான் சிவப்பு. அவங்க வந்த அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, ஈரத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு மச்சு அண்ணன் எறங்கி வந்தாரு. ரெண்டு படி மேல குத்த வச்சு உக்காந்து பாத்தாரு. அப்புறம் கைய நீட்டி ஒரு பச்சைக் குதிரைய எடுத்து, பலகையில ரெண்டு தட்டு தட்டி வச்சாரு. நாலாவது காய்ல என் சிவப்பு ராஜா செத்தாரு. எனக்கு வந்த கோவத்துல அவர் பைத்தியம்ங்கிறதே மறந்துபோச்சு.

"இன்னொண்ணு வாங்க"ன்னேன். அவர் தலைய ஆட்டினாரு.

அப்புறம் தினமும்தான். காலையில அவருக்கு அருவி, மத்தியானம் நான் பள்ளிக்கூடத்துல இருந்து சாப்பிட வந்ததும் ஆட்டம். சாரல் ஈரத்துல அட்டைப் பலகை ஊறி அப்பளமா வளைஞ்சதும், செங்கல் துண்டை எடுத்து மச்சுத் தரையிலயே கட்டம் போட்டாரு. கட்டை விரலால அளந்து அறுபத்திநாலும் ஒரே அளவு. அந்த அம்மாவுக்கு அதப் பாத்து நெஞ்சு நிறைஞ்சுது. ஆனா என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு கட்டளையும் போட்டாங்க.

"பாப்பா, லேசா ஆடு. அவன் மூளைக்கு வேல குடுத்துராத. முடிஞ்சா நீ தோத்துக் குடு."

தோக்குறதுக்கு நான் ஒண்ணும் பாடுபட வேண்டியதில்ல. அது தானா நடந்துச்சு.

நாள் போகப் போக மச்சு அண்ணன் ஒண்ணு ரெண்டு வார்த்த பேச ஆரம்பிச்சாரு. நான் எந்த வகுப்புன்னு கேட்டாரு. நான் யோசிச்சு ஒரு காயை வச்சா "வரட்டும்"பாரு. பெரிய அருவிப் பக்கத்துல ஒரு குரங்கு ஏட்டு மாமா கையில இருந்த பழச் சீப்பைப் பறிச்சுட்டு ஓடினப்ப வாய்விட்டுச் சிரிச்சாராம். அந்த அம்மா எங்க அம்மாகிட்ட அதச் சொல்லி அழுதாங்க. நாப்பது நாள் தாண்டிருச்சு. ஏட்டு மாமா கல்யாணத்துக்கு மாசம் பாக்க ஆரம்பிச்சிட்டாரு. இன்னும் கொஞ்ச நாள்தான், மச்சு அண்ணன் தப்பிச்சிருவாரு. வீடு முழுக்க அந்த நாளை எண்ணிக்கிட்டு இருந்துச்சு.

நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன், என் கணக்கு வேற. ஊருக்குப் போறதுக்குள்ள இவர ஒரு தடவையாவது ஜெயிச்சிரணும். வேற ஆசையே அப்ப எனக்கு இல்ல.

அந்தச் சமயம் பாத்து செங்கோட்டையில இருந்து உப்பேரிப் பொட்டலம் ஒண்ணு வந்துச்சு. இங்கிலீஷ் பேப்பர்ல கட்டினது. அந்த நேந்திரங்காய் வறுவலை நான் தின்னு முடிச்சப்ப, எண்ணெய் ஊறின காகிதத்துல ஒரு சின்னச் சதுரங்கக் கட்டம் தெரிஞ்சுது. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் வாசிச்சுப் பாத்து, இது இங்கிலீஷ் ஆட்டம், நம்ம ஆட்டம் இல்லன்னான். நம்ம நாட்டு ஆட்டத்துல சிப்பாய் எப்பவும் ஒரு கட்டம்தான் நகரும். இங்கிலீஷ் ஆட்டத்துல முதல் தடவ ரெண்டு கட்டம் பாயலாம். அதுல எழுதியிருந்த தொடக்கம் அத விடக் கிறுக்கு. ராஜாவுக்கு முன்னால உள்ள சிப்பாய் ரெண்டு கட்டம் போகும். எதிராளியும் அப்படியே வைப்பான். உடனே பக்கத்துச் சிப்பாயையும் ரெண்டு கட்டம் தள்ளி, 'இந்தா, வெட்டிக்கோ'ன்னு சும்மா குடுக்கணும். அவன் வெட்டினதும் குதிரைய வெளிய எடுக்கணும். அதுக்கு மேல காகிதம் கிழிஞ்சிருந்துச்சு.

"சும்மா ஏன்லே குடுக்கணும்?"னு கேட்டேன். அண்ணன்னாலும் ஆட்டத்துக்கு வந்தா எனக்கு அவன் 'லே'தான்.

"எனக்கு என்னட்டி தெரியும்? மிச்சத்தைக் கடைக்காரன் வேற பொட்டலத்துல கட்டியிருப்பான்"ன்னு போயிட்டான்.

அந்த அரைப் பொட்டல ஞானத்தை வச்சுக்கிட்டு நான் மச்சுக்கு ஏறினேன். ஞாயித்துக்கிழம மத்தியானம். நாப்பத்தஞ்சாம் நாள். எங்க அப்பா சாப்பிட்டுக் கட்டில்ல படுத்திருந்தாரு. அந்த அம்மாவும் ஏட்டு மாமாவும் கீழ எங்க அம்மாகிட்ட பேசிட்டு இருந்தாங்க. தாழ்வாரம் முழுக்கக் காயாத ஈரத்துணி, அந்தப் புழுங்கின வாடை. வெயிலும் சாரலும் ஒண்ணா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

இன்னிக்கு இங்கிலீஷ் ஆட்டம், சிப்பாய் முதல்ல ரெண்டு கட்டம் போலாம்னு சொன்னேன். அவருக்கும் அது புதுசு. புருவத்தைத் தூக்கிட்டு, சரின்னு தலைய ஆட்டினாரு. சிப்பாயை வச்சேன், அவரும் வச்சாரு. பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினேன். என்னைப் பாத்தாரு. நான் மொகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டேன். வெட்டினாரு. குதிரைய எடுத்து, அவர மாதிரியே தரையில ரெண்டு தட்டு தட்டி வச்சேன்.

கீழ சுவர்க் கடிகாரம் ரெண்டு அடிச்சுது.

அவர் கை பாதியில நின்னுச்சு. குதிரையப் பாத்தாரு, வெட்டின இடத்தைப் பாத்தாரு. இவ ஏன் சும்மா குடுத்தா? கண்ணு கட்டத்துல குத்தி நின்னுச்சு. உதடு அசைய ஆரம்பிச்சுது. நான் இங்க வந்தா நீ அங்க, நீ அங்க போனா நான் இங்கன்னு எண்ணுறாருன்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது, நானும் அப்படித்தானே எண்ணுவேன். எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். நாப்பது நாளா என்னை அஞ்சு நிமிஷத்துல முடிச்சவரு, என் காய்க்கு முன்னால முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மூணு அடிச்சுது. சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமா பயமா மாறுச்சு. "அண்ணே"ன்னேன், காதுல விழல. மூளைக்கு வேல குடுக்காதன்னு சொன்னாங்களே, நான் குடுத்துட்டேன். எனக்கே விடை தெரியாத கணக்கைக் குடுத்துட்டேன். உண்மையிலயே மூளை ஏதாவது ஆகிப்போச்சோ?

கடைசியில அவர் கை அசைஞ்சுது. பச்சைச் சிப்பாய் ஒண்ணை எடுத்தாரு. அப்பப் பாத்து அப்பா கொட்டாவி விட்டுக்கிட்டே மச்சுப் படியேறி வந்தாரு. வந்தவரு மச்சு அண்ணன் மொகத்தைப் பாத்து அப்படியே நின்னாரு. குனிஞ்சு கண்ணைப் பாத்தாரு, உதட்டைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா என்கிட்ட கேட்டாரு.

"எவ்வளவு நேரமாட்டி இப்படி இருக்கான்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ப்பா."

"நீ எதுவும் சொன்னியா? செஞ்சியா? இல்ல திடீர்னு வந்துச்சா?"

ஒரு வார்த்த. 'யோசிக்காவ'ன்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கணும். அது என் நாக்கு நுனியில இருந்துச்சு. சொன்னா அடுத்த கேள்வி என்ன யோசிக்கான்னு வரும். அதுக்கு அடுத்தது, நீ என்ன ஆட்டம் ஆடுனேன்னு வரும்.

"திடீர்னுதாம்ப்பா"ன்னேன்.

அப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. அப்பா கீழ பாத்துக் குரல் குடுத்தாரு. ஏட்டு மாமா ரெண்டு ரெண்டு படியாத் தாவி வந்து, பின்னாலருந்து மச்சு அண்ணன் தோளைச் சேத்துப் பிடிச்சுத் தூக்கினாரு. ஆழமா யோசனையில இருக்குத ஆளை அப்படித் தூக்கினா எவனும் திமிறத்தான் செய்வான், நீங்க செய்ய மாட்டீங்களா? அவரும் திமிறினாரு. முழங்கை மாமா தாடையில பட்டுது. "பாத்தீங்களா கம்பவுண்டர் சார்"னு மாமா மூச்சு வாங்கினாரு. அப்பா, "அதுதான், அதேதான்"ன்னாரு. கால் பட்டுக் காயெல்லாம் சிதறிச்சு, செங்கல் கோடு அழிஞ்சுது. அந்த அம்மா படியிலயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாங்க.

கீழ கொண்டு போறப்ப அவர் திமிறுறதை விட்டுட்டாரு. படி திரும்புற எடத்துல கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினாரு. நான் மேல கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சிப்பாய் இருந்த கைய மூடிட்டு, இன்னொரு கையில ரெண்டு விரலைக் காட்டினாரு.

"பாப்பா, குதிரைக்கு முன்னால. ரெண்டு கட்டம்"ன்னாரு.

குரல் தெளிவா, நிதானமா இருந்துச்சு. "குதிரைங்கான், கட்டம்ங்கான், முழுசா கலங்கிட்டு"ன்னு அப்பா சொன்னாரு. அவர் தன் காயைச் சொல்லுறாருன்னு அந்த வீட்டுல ஒருத்திக்கு மட்டும்தான் புரிஞ்சுது. அவ குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டு நின்னா.

டாக்சி ஒண்ணு வந்துச்சு. மூட்டை கட்டாமயே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க, மூணு நாள் மிச்சம் இருக்க. எங்க அம்மா மச்சைக் கூட்டிக் கழுவுனாங்க. நான் காய்களப் பொறுக்கினேன். முப்பத்தொண்ணுதான் இருந்துச்சு. ஒரு பச்சைச் சிப்பாய் அவர் கையிலயே போயிருச்சு. எங்க அண்ணன் கேட்டா எலி இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லணும்னு முடிவு பண்ணுனேன். பொய் சொல்ல ஆரம்பிச்சா கை கூடி வந்துருது பாருங்க.

மறுநாள் ஸ்லேட்டுல கட்டம் கிழிச்சு அந்த ஆட்டத்தை வச்சுப் பாத்தேன். பச்சைச் சிப்பாய்க்குப் பதிலா ஒரு புளியங்கொட்டை. குதிரைக்கு முன்னால, ரெண்டு கட்டம். வச்சதும் தெரிஞ்சுபோச்சு. நான் சும்மா குடுத்தத வெட்டின சிப்பாய்க்கு அந்தக் கொட்டை காவல் நின்னுச்சு. நான் குடுத்தது குடுத்ததுதான், திரும்ப எடுக்க வழியில்ல. ஒரு மணி நேரம் உக்காந்து, தனக்குப் பழக்கமில்லாத விதிய வச்சே எனக்குப் பதில் கண்டுபிடிச்சிருக்காரு. கலங்கின மூளை போடுற காய் இல்ல அது. அத அப்பவே கீழ ஓடிப்போய் அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு தந்தி அடிச்சிருக்கலாம். ஸ்லேட்டைத் துடைச்சுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

ரொம்ப வருஷம் கழிச்சு, ஒரு நூலகத்துல சதுரங்கப் புத்தகம் ஒண்ணைப் புரட்டினேன். அந்தத் தொடக்கம் இருந்துச்சு. அதுக்கு நல்ல பதில்னு முதல்ல போட்டிருந்தது, ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால உள்ள சிப்பாய், ரெண்டு கட்டம். பெரிய பெரிய ஆட்டக்காரங்க பழைய காலத்துலருந்து அததான் வச்சிருக்காங்க. நூலகத்துல எல்லாரும் பாக்க நான் அழுதேன். வெக்கப்படல.

அதுக்கு முன்னாலயே, மறு வருஷ சாரலுக்கு, அவங்க திரும்பி வந்தாங்க. நேர்த்திக்கடன் செலுத்தவும் அப்பாவுக்கு நன்றி சொல்லவும். மச்சு அண்ணன் நல்லா சதை போட்டிருந்தாரு. சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காப் போட்டிருந்துச்சு. கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னாரு. சாப்பிட்டேங்க, தூங்கினேங்கன்னு. ஏட்டு மாமா மகளத்தான் கட்டியிருந்தாரு, அந்தப் பிள்ளையும் கூட வந்திருந்தா. குழாயடியில என் பக்கத்துல நின்னு, "ரொம்ப நல்லவங்க, எதுவுமே கேக்க மாட்டாங்க"ன்னா.

எனக்கு ஒரு நப்பாச. யாரும் பக்கத்துல இல்லாத நேரம் பாத்து, ஸ்லேட்டை அவர் முன்னால வச்சு அந்த ஆட்டத்தை அடுக்கினேன். என் குதிரை வரைக்கும் வச்சுட்டு, புளியங்கொட்டைய மட்டும் அது நிக்க வேண்டிய பழைய எடத்துல வச்சேன். அவர் காய்தானே, அவரே நகட்டட்டும்.

பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நான் அவர் உதட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் அசையாதான்னு இருந்துச்சு. அசையல.

"யார் ஆட்டம் பாப்பா இது?"ன்னாரு.

"நம்ம ஆட்டம்ண்ணே. போன வருஷம். உங்க காய்."

புளியங்கொட்டைய எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, என் உள்ளங்கையில வச்சு மூடினாரு. "எனக்கு ஆடத் தெரியாதேம்மா"ன்னு மரியாதையாச் சொன்னாரு.

பின்னால அப்பா எப்ப வந்தாருன்னு தெரியல. அந்த அம்மாகிட்ட பெருமையாக் காட்டினாரு: பாருங்க, கண்ணு இமைக்குது, உதடு அசையல, பரிபூரண குணம். அந்த அம்மா அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. என் தலையத் தடவி, இந்தப் பிள்ளை அன்னிக்குச் சரியாச் சொன்னதாலதான் எம்பிள்ளை பிழைச்சான்னாங்க.

அப்பா சாகுற வரைக்கும் அத ஒரு சாதனையாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் ஒரு தடவகூட மறுத்துப் பேசல. அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்னு இப்ப விட்டுரலாம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவு இல்லையே.

இப்ப நான் மகன் வீட்டுல இருக்கேன். பொழுது போகலன்னு போன்லயே சதுரங்கம் ஆடுதேன். யாரோ ஊரு பேரு தெரியாத ஆள்கூட. போன வாரம் ஒருத்தன் முதல் காய்க்கு அப்புறம் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி, இந்தா வெட்டிக்கோன்னு வச்சான். போனைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். பதில் எனக்குத் தெரியும், வைக்கத்தான் கை வரல. எவ்வளவு நேரம்னு தெரியல. நிமிந்து பாத்தா மருமக எதுத்தாப்புல நின்னா. என் கண்ணையும் உதட்டையும் மாறி மாறிப் பாத்தா. வாசல் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டா.

"இங்க வாங்களேன். அத்த ரொம்ப நேரமா இப்படியே இருக்காங்க. வாய் மட்டும் அசையுது."

மகன் செருப்பைக்கூடக் கழட்டாம ஓடி வந்தான். என் தோள்ல கைய வச்சான். அந்தக் கை பட்டதும் நான் திமிறப் பாத்தேன். அவன் என்னம்மா, என்னம்மான்னான்.

"யோசிக்கேன்லே"ன்னேன். "யோசிக்கத்தான் செய்தேன்."

சரிம்மான்னு சிரிச்சுட்டு உடனே கைய எடுத்துட்டான்.